சாடை கேட்ட காது

எய்யா,

சொல்வது நான், எழுதுவது உன் அக்கா செல்வி. டோம்பிவிலியிலிருந்து காலை வண்டியில் வந்தவள், சோறு வடித்து மூடி வைத்துவிட்டு, காகிதமும் பேனாவுமாக என் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு எழுத்து தெரியாது. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். தமிழ் வகுப்பு இருந்த முனிசிபல் பள்ளிக்கூடத்தில் இவள் படித்தாள், உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டோம், அதனால் வந்தது. ஆகவே மெதுவாக வாசி. புரியாத சொல் வந்தால் தாண்டிப் போகாமல் யாரிடமாவது கேள். போனிலேயே சொல்லிவிடலாமே என்று இவளும் கேட்டாள். நீயும் நானும் போனில் பேசுவதை இவள் கேட்டதில்லை. சாப்பிட்டீங்களா என்று நீ கேட்பாய், ஆச்சு என்று நான் சொல்வேன், அதற்குப் பிறகு ஒருவர் மூச்சு விடுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம். அப்படிப்பட்ட போனில் இதைச் சொல்ல முடியாது.

போன மாதம் நீ ஒன்று கேட்டாய், நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபம் என்று எண்ணியிருப்பாய். கோபம் இல்லை. உன் அம்மா போனதிலிருந்து எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தோல் பட்டறையில் இருந்த காலத்தில் நாள் முழுக்கக் கத்தி பிடித்த கை சாயங்காலம் மரத்துக் கிடக்கும். கிள்ளிப் பார்த்தால் கிள்ளுவது கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. இப்போது ஆள் முழுக்க அப்படி. நீ கேட்டதற்கு என் பதில் வேண்டாம் என்பது. அதைச் சொல்லத்தான் இவளை உட்கார வைத்தேன். ஆனால் வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லாக அனுப்பினால் அப்பன் விவரம் தெரியாமல் சொல்கிறான் என்று நினைப்பாய். விவரம் தெரிந்துதான் சொல்கிறேன். நீ சொன்னது, டாக்டர் சொன்னது, உன் அம்மா சொன்னது எதையும் நான் மறக்கவில்லை. எழுத்து இல்லாதவனுக்கு மறதி கட்டுப்படியாகாது.

உன் அம்மாவின் இருமலை நாங்கள் யாரும் ஒரு நோயாகவே எண்ணவில்லை. முறுக்குச் சுடுகிற வீட்டில் இருமல் அடுப்போடு சேர்ந்தது. கல்யாணமாகித் தாராவிக்கு வந்ததிலிருந்து அவள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்தாள், சந்து முழுக்கவே அந்தப் புகைதான். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் நெஞ்சில் நிழல் விழுகிறது என்றார். இங்கே நெஞ்சில் நிழல் விழுந்தால் அதற்கு ஒரே பெயர்தான், டிபி. அவரையும் குறை சொல்ல முடியாது, நம் பக்கத்தில் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றுக்குப் போனால் சிவப்பாகப் போகும், பயப்படக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சிவப்பாகப் போயிற்று, அவளும் பயப்படவில்லை. ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே போனாள். நெஞ்சில் நீர் கட்டி, மல்லாந்து படுக்க முடியாமல் ஆனபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்து, டிபி இல்லை, நுரையீரலில் புற்று என்றார்கள். பீடி, புகையிலை உண்டா என்று ஒரு மராத்தி டாக்டரம்மா இந்தியில் கேட்டாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள். புகையிலை ஒதுக்கிய வாய் என்னுடையது, நோய் வந்தது அவளுக்கு. புகை பிடிக்காத பெண்களுக்கும் இந்த வகை வருகிறது, யாருக்கு ஏன் என்று முழுக்கச் சொல்ல முடியவில்லை என்றாள் அந்த டாக்டரம்மா. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நீ லீவு போட்டு வந்தாய். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பெரிய விஷயத்தைச் சின்னதாக்கிச் சொல்கிற குரலில், "யம்மா, ஒங்க செல்லுல சிக்னல் கோளாறு. அதான் விஷயம்" என்றாய். அவள் தலையணைக்கு அடியில் கையை விட்டுப் போனை எடுத்து உன்னிடம் நீட்டினாள். "உள்ள இருந்தா அப்படித்தான்ல இருக்கும். குழாயடியில போயி நின்னா எடுக்கும்" என்றாள். பெங்களூரில் அவ்வளவு படித்த நீ அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பிறகு ஆரம்பத்திலிருந்து சொன்னாய். உடம்பு என்பது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வீடுகள் சேர்ந்த சந்து. ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சுவரில் காது இருக்கிறது. வளர வேண்டிய நேரத்தில் வளர் என்று வெளியே இருந்து ஒரு சேதி வரும். காது அதைக் கேட்டு உள்ளே இருக்கிறவனிடம் சொல்லும், அவன் அடுத்தவனிடம் சொல்வான், கைமாறிக் கைமாறி நடுவீடு வரைக்கும் போகும், வீடு இரண்டாகும். சேதி நின்றால் வேலையும் நிற்கும். இந்தச் சேதியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று உனக்குத் தெரியவில்லை. போனில் தேடி, சமிக்ஞை என்று எழுத்துக்கூட்டி வாசித்தாய். "என்ன கிஞ்ஞையோ. சாடைன்னு சொல்லேன்ல" என்றாள் அவள்.

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சாடையை அவளைவிடத் தெரிந்தவர்கள் நம் சந்தில் கிடையாது. அவள் என்னிடம் நேராக எதையும் சொன்னதில்லை, அது நீ பார்த்து வளர்ந்ததுதான். அடுப்பிடம் சொல்வாள், பூனையிடம் சொல்வாள், சுவரில் தொங்குகிற சாமி படத்திடம் சொல்வாள். ஒருநாள் பட்டறையிலிருந்து நேரம் கழித்து வந்தேன். அவள் சட்டியைக் கிளறிக்கொண்டே, "ஏ அடுப்பே, நீயாவது பத்த வச்சா எரியுத, அணைச்சா அணையுத. சில பேரு வாரேன்னு சொல்லிட்டுப் போனா எப்ப வருவாவன்னு அந்த முருகனுக்கே வெளிச்சம்" என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் மறுநாள் நான் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டில் இருந்தேன். அதைத்தான் நீ அன்று சொன்னாய் என்று எனக்குப் பட்டது. யாரும் யாரையும் தொடவில்லை, பேர் சொல்லிக் கூப்பிடவுமில்லை, ஆனால் உள்ளே ஒரு வேலை நடந்துவிடுகிறது.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாளை வைத்து நீ மீதியைச் சொன்னாய். யாரும் ஒன்றும் சொல்லாமலே தன்னைத்தான் சாடை பேசுகிறார்கள் என்று சண்டைக்கு வருகிறவள் அவள். உன் அம்மா நிஜமாகவே பூனையைத் திட்டிய நாளில், திருட்டுச் சிறுக்கி என்று யாரைச் சொன்ன என்று விளக்குமாற்றோடு வாசலில் வந்து நின்றாளே, பூனை அவளுக்கு முன்னாலேயே மீன் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடியும் அவள் நம்பவில்லை. "அம்மாவோட நெஞ்சுல இருக்க செல்லு பேச்சியக்கா மாதிரி. வெளிய ஒரு சேதியும் இல்ல, ஆனா காதுல ஓயாம கேட்டுக்கிட்டே இருக்கு, வளர் வளர்னு. அதான் வளந்துக்கிட்டே போகுது" என்றாய். உன் அம்மா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலோடேயே சிரித்து, சன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்து, "ஏட்டி பேச்சி, ஒன்ன என் நெஞ்சுல கொண்டுபோயி வச்சிருக்கானுவட்டி" என்று கத்தினாள். பேச்சியம்மாள் வழக்கம்போலச் சண்டைக்கு வந்தாள். அன்றைக்கு வந்தவள் பாதியிலேயே உட்கார்ந்து அழுதாள். இப்போது எனக்குக் குழம்பு கொண்டுவந்து வைப்பது அவள்தான்.

அந்தக் காதை அடைக்கிற மாத்திரை கொடுத்தார்கள். முடி கொட்டுகிற மருந்து இல்லை, தினம் ஒன்று விழுங்கினால் போதும். உன் அம்மாவின் முகம் முழுக்கப் பரு வந்தது, நகக்கண் வீங்கியது. கண்ணாடியைப் பார்த்து, பேத்தி எடுக்கிற வயசில் சமைஞ்ச பிள்ளை மாதிரி ஆக்கிட்டானுவ என்றாள். ஆனால் நெஞ்சில் கட்டிய நீர் வற்றியது. மல்லாந்து படுத்தாள். இரண்டு தீபாவளிக்கு அவள் கைமுறுக்கு சாப்பிட்டோம். செம்பூர் முருகன் கோயில் படியை மூச்சு வாங்காமல் ஏறி, மேலே நின்றுகொண்டு, கீழே தூணைப் பிடித்து நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது நான் செம்பூரில் ஒரு பில்டிங்கில் வாட்ச்மேன் வேலை பார்த்தேன், படி ஏறுகிற பழக்கமே இல்லை. பிறகு ஒருநாள் மறுபடி இருமினாள். கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். நோயின் துணுக்கு ரத்தத்தில் மிதக்குமாம், நெஞ்சைக் குத்தாமலே அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்களாம். ஒரு காதை அடைத்தால் அது அடுத்த சுவரில் இன்னொரு காதைத் திறந்து வைத்துக்கொண்டது என்று நீ சொன்னாய். வேறு மாத்திரை கொடுத்தார்கள். அதுவும் கொஞ்ச காலம் கேட்டது. பிறகு நீர் மறுபடி கட்டியது.

அந்த நீரை எடுத்த நாளைச் சொல்கிறேன், ஏனென்றால் என் வேண்டாம் அங்கேதான் இருக்கிறது. வார்டில் கட்டிலைச் சுற்றித் திரை போட்டு, அவளை உட்கார வைத்து, முதுகில் ஊசி விட்டு, குழாய் வழியாகப் பாட்டிலில் பிடித்தார்கள். நாட்டு மருந்துக் கடைக் கஷாயம் மாதிரி ஒரு நிறம். அதில் ஒரு பங்கை நீ வேலை பார்க்கிற பெங்களூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாமா என்று அந்த டாக்டரம்மா கேட்டிருந்தாள், எந்த மருந்து இனிப் பலிக்கும் என்று வெளியே வைத்துப் பார்க்க. உன் அம்மா தானே கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். நான் அப்போது வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே கிடந்தேன். டீ வாங்கிவரப் போயிருந்தவன், டம்ளரோடு திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். அப்போது அவள் குரல் கேட்டது. "போ. போயி நீயாவது ஒரு வேலையப் பாரு. சும்மா இருந்து என்னத்தக் கண்ட" என்றாள். யாரிடம் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? காலமெல்லாம் கேட்ட காது. எதைப் பார்த்துச் சொன்னாலும் அது எனக்கு. வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவன் நான்தானே. டீயைத் திரைக்குக் கீழே ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் தண்ணீர், தலையணை, சன்னல் என்கிற பேச்சு. சாடை பேசுகிற தெம்பு அவளுக்கு வரவில்லை. அதனால் அதுதான் கடைசியாக அவள் எனக்குச் சொன்னது என்று ஆகிவிட்டது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த செல்வியிடமும் என்னிடமும் நீ சொன்னாய், அம்மாவோட செல்லு இன்னும் உயிரோட இருக்கு என்று. கருமாதி முடித்த வீட்டில் சொல்கிற பேச்சா என்று செல்வி இலையைக் கீழே போட்டாள். நீ போனில் படம் காட்டினாய். அந்தப் பாட்டில் நீரிலிருந்து எடுத்து வளர்த்தவையாம், ஜவ்வரிசிக்கும் சின்னதாகச் சாம்பல் நிற உருண்டைகள், கூழ் மாதிரி எதிலோ மிதந்தன. செல்வி என் சாடை, நீ உன் அம்மா சாடை என்று ஊரில் சொல்வார்கள். அந்த உருண்டையில் அவள் சாடை எதுவும் இல்லை. அதை நீ தொடக் கூடாது என்று விதி இருக்கிறதாம், சொந்தத் தாயின் நோய் என்பதால். பக்கத்து மேசைக்காரிதான் பார்த்துக்கொள்கிறாள், ஞாயிற்றுக்கிழமையும் வந்து அதற்குத் தண்ணீர் மாற்றுகிறாள் என்றாய். புதிதாக என்னென்னவோ வருகிறதாம். இரண்டு காதையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் பொத்துகிற மருந்து ஒன்று. காதை அடைக்காமல், அந்தக் காதையே குப்பைக்காரனுக்கு அடையாளம் காட்டி அள்ளிப் போகச் சொல்கிற மருந்து இன்னொன்று, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாய். ஆனால் உங்களுக்குப் பெரிய தொல்லை தூங்குகிறவை. மருந்து வரும்போது சில செல்கள் சாகாது, வளரவும் செய்யாது. எந்தச் சாடையும் காதில் ஏறாமல் செத்ததுபோல் கிடக்கும். மருந்து ஓய்ந்த பிறகு ஒருநாள் எழுந்திருக்கும். அவற்றை எழுப்புவது எது, எழும்பாமலே முடிப்பது எப்படி என்றுதான் எல்லா ஊரிலும் மண்டையை உடைக்கிறார்கள். அம்மாவின் உருண்டையில் அந்தத் தூங்குகிறவை நிறைய இருக்கின்றன, இப்படி வாய்ப்பது அபூர்வம் என்றாய்.

மற்றதெல்லாம் எனக்குக் கதை மாதிரி இருந்தது. இது மட்டும் புரிந்தது. காலையில் எழுந்து வாசலில் உட்கார்கிறேன். பேச்சியம்மாள் கத்துகிறாள், தண்ணீர் வருகிறது, போகிறது, கோயில் கொடை வசூலுக்கு ஆட்கள் வருகிறார்கள், இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறோம் என்று அளக்கிறவர்கள் வருகிறார்கள். எல்லாம் காதில் விழுகிறது, ஒன்றும் உள்ளே போகவில்லை. நான் சாகவும் இல்லை.

போன மாதம் நீ போன் செய்து, அம்மா கைநாட்டு வைத்தது அவள் வைத்தியத்துக்கு மட்டும்தான், இனியும் அதை வளர்க்கவும் வேறு ஊர் ஆய்வுக்கூடங்களுக்குக் கொடுக்கவும் வீட்டாரின் சம்மதம் வேண்டும், அப்பா கைநாட்டு வைத்தால் வைத்திருப்பார்கள், இல்லையென்றால் அழித்துவிடுவார்கள் என்றாய். செல்வியிடம் சொன்னேன். அவள் முடிவாகச் சொன்னது இது: "அம்மாவக் கொன்னத எதுக்குப்பா சோறு போட்டு வளக்கணும்? அது அம்மா இல்ல. அம்மாவத் தின்னது." பேச்சியம்மாள், பாதி உயிர் அங்கே கிடந்தால் ஆத்மா எப்படிப் போய்ச் சேரும் என்றாள். இரண்டும் என் காரணம் இல்லை. அந்த உருண்டைகளை நினைத்தால் எனக்கு அந்தப் பாட்டில் ஞாபகம் வருகிறது. பாட்டில் வந்தால் அந்தச் சொல் வருகிறது. நான் இருக்கிறவரை அது ஒரு குளிர்பெட்டிக்குள் உயிரோடு இருந்து, போ போ என்று என்னைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அதனால் அழித்துவிடச் சொல்.

இதுவரைக்கும் சொல்லி முடித்து, இவ்வளவுதான், கீழே தேதி போடு என்று சொன்னேன். செல்வி போடவில்லை. எழுதியதைத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யப்பா, அந்தப் பேச்ச நீங்க எங்க நின்னு கேட்டீங்க?" என்று கேட்டாள். திரைக்கு இந்தப் பக்கம் என்றேன். "நீங்க வந்ததே அம்மாவுக்குத் தெரியாதேப்பா" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன். அன்று திரைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் இவள். ஊசி எடுத்ததும், பாட்டிலை ஒருமுறை தா என்று அம்மா நர்ஸிடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாளாம். "வெதுவெதுன்னு இருக்குட்டி, என் சூடுதான்" என்றாளாம். இவ்வளவு நாளும் நெஞ்சில் வேலைவெட்டி இல்லாமல் குந்தியிருந்துவிட்டு இப்போது பெங்களூர் பார்க்கப் போகிறது பார் என்று சிரித்தாளாம். பிறகு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள் மாதிரி பாட்டிலை ஒரு தட்டுத் தட்டி, போ, போயி நீயாவது ஒரு வேலையப் பாரு என்றாளாம். அப்பா எங்கட்டி, டீ வாங்கப் போனவியள இன்னும் காணமே என்று அதற்கப்புறம்தான் கேட்டிருக்கிறாள். திரைக்குக் கீழே டம்ளர் ஆறிப்போய் இருந்ததை இவள் பிறகுதான் பார்த்திருக்கிறாள். யார் வைத்தது என்று தெரியாமல் கீழே ஊற்றிவிட்டாளாம்.

சாடை பேசுவதற்கு ஆள் வேண்டும் எய்யா. கேட்கிறவன் பக்கத்தில் இருக்கிறான் என்று தெரிந்தால்தான் அடுப்பிடம் பேச முடியும். அன்றைக்கு அவளைப் பொறுத்தவரை நான் அங்கே இல்லை. அவள் பாட்டிலிடம்தான் பேசியிருக்கிறாள். என் காதுதான் தானாகக் கேட்டிருக்கிறது, வெளியே ஒரு சேதியும் இல்லாமல். பேச்சியம்மாள் விளக்குமாற்றோடு வந்தாள், நான் டம்ளரை வைத்துவிட்டுப் போனேன், அவ்வளவுதான் வித்தியாசம். இதைச் சொன்னதும் செல்வி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் கிள்ளினால் எங்கே கிள்ளுகிறார்கள் என்று தெரிகிற மாதிரி ஒன்று இருந்தது.

மேலே எழுதியதை அடித்துவிடட்டுமா என்று செல்வி கேட்டாள். அடிக்க வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொன்னதும் இருக்கட்டும், அது எப்படி மாறியது என்பதும் இருக்கட்டும். நீ இதை உன் ஆய்வுக்கூடத்தில் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டு. ஒரு சின்ன உருண்டைக்குச் சம்மதம் சொல்ல ஒரு வீட்டில் இவ்வளவு நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரியட்டும், இனி அடுத்த வீட்டில் கேட்கும்போது கொஞ்சம் பொறுத்துக் கேட்பார்கள். செல்விக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. "அம்மா அனுப்பி வச்சான்னா நான் யாரு தடுக்க. ஆனா எனக்கு அந்தப் படத்த இனிமே காட்டச் சொல்லாதீங்க" என்கிறாள். அதையும் எழுதச் சொன்னேன், எழுதிவிட்டாள்.

உனக்குச் சொல்வதற்கு என்னிடம் பெரிய புத்தி ஒன்றும் இல்லை. ஒருவர் ஒன்று சொன்னால் அது எனக்கா என்று கேட்டுவிடு. வாய் திறந்து கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை. கேட்டால் சண்டை வரும், வரட்டும், சண்டை ஆறிவிடும். நான் திரையை ஒரு முழம் விலக்கி, யாரச் சொல்லுத என்று கேட்டிருந்தால், உம்ம யாருவே சொன்னா, டீயக் கொண்டாரும் என்றிருப்பாள். இதை நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் அவ்வளவு பேர் அவ்வளவு பெரிய கண்ணாடி வைத்துப் பார்ப்பதும் கடைசியில் இதைத்தானே, சொன்னது யார், கேட்டது யார், சொல்லாமலே கேட்டது எது என்று.

கேட்டுவிடு என்று சொன்னபிறகு நானும் ஒன்று கேட்க வேண்டும். நீ போன் செய்யும்போதெல்லாம் அந்தப் பக்கத்து மேசைக்காரி பேச்சு வருகிறது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள், மழை கொட்டியும் வந்தாள், அவள் ஊரிலும் முறுக்கு உண்டாம், வேறு பெயராம். நான் அதிலே ஒரு சாடை கேட்டேன். என் காதை இனி நம்புவதற்கில்லை. அதனால் நேராகவே கேட்கிறேன், உனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறதா? இருந்தால் இருக்கிறது என்று எழுது. யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. உன் அம்மா அனுப்பி வைத்ததை ஞாயிற்றுக்கிழமையும் வந்து பார்த்துக்கொள்கிறவள், அவ்வளவு எனக்குப் போதும்.

நீ அனுப்பிய தாளில் கைநாட்டு வைத்துவிட்டேன். தோல் தேய்த்துத் தேய்த்து என் கட்டைவிரலில் ரேகை இல்லை, ரேஷன் கடை மிஷின் என்னை யாரென்று தெரியாது என்கிறது. மை மட்டும் ஒரு உருண்டையாக விழுந்திருக்கிறது. நீ காட்டிய படத்தில் இருந்தது மாதிரியே இருக்கிறது என்று செல்வி சொன்னாள், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாராவது கேட்டால் அது என் விரல்தான் என்று சொல். அவளாக அதைத் தட்டிக்கொடுத்து ஒரு வேலை சொல்லி அனுப்பியிருக்கிறாள். அது போய் அந்த வேலையைப் பார்க்கட்டும்.

அப்பா.